மேட்ரிக் லைஃப் சயன்சஸ் இரண்டாம் தாள்: பூனைக்குட்டிக் கணக்கில் வெள்ளையைத் தனியே எடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் பள்ளி இறுதித் தேர்வான மேட்ரிக் ரிசல்ட் வந்துவிட்டது, லைஃப் சயன்சஸில் டிஸ்டிங்ஷன். மனசு இப்போதுதான் லேசாகியிருக்கிறது. டர்பனில் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அடுத்து எழுதப்போகிற தம்பி தங்கைகள் மரபியலை எப்படிப் படித்தாய் என்று கேட்கிறார்கள். 150இல் 48 மதிப்பெண் அதற்குத்தான். சாதாரண மோனோஹைப்ரிட் (ஒரே பண்பை மட்டும் பார்க்கும் கிராஸ்) யாருக்கும் வரும். ஒரே விலங்கில் இரண்டு விதி சேர்ந்து ஓடும்போதுதான் கால் வாரிவிடும். அதனால் பூனையை மட்டும் எழுதுகிறேன்.

வெள்ளை என்பது நிறமி போய்ச் சேராத இடம். இதை மனதில் ஆணி அடித்து வையுங்கள். ப்ரிலிமில் (இறுதித் தேர்வுக்கு முந்தைய பள்ளித் தேர்வில்) நான் மூவண்ணப் பூனைக்குக் கறுப்பு, செவலை, வெள்ளை என்று ரத்த வகை மாதிரி மூன்று அல்லீல் (ஒரே ஜீனின் மாற்று வடிவம்) போட்டேன். முழுக் கிராஸும் போயிற்று. கறுப்பா செவலையா என்பதை ஒரு ஜீன் தீர்மானிக்கிறது, வெள்ளைத் திட்டு உண்டா இல்லையா என்பதை இன்னொரு ஜீன். முதலாவது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, இரண்டாவது ஆட்டோசோமில் (பாலினக் குரோமோசோம் அல்லாததில்). இரண்டையும் ஒரே கட்டத்தில் குழப்பாமல் தனித்தனியாகப் போட்டுவிட்டுக் கடைசியில் பெருக்குங்கள்.

முதலில் எக்ஸ். செவலைக்குப் பெரிய ஓ, கறுப்புக்குச் சின்ன ஓ. எழுத்தை எக்ஸின் தலைமேல்தான் எழுத வேண்டும். வெறும் ஓ என்று எழுதினால் அது ஆட்டோசோம் கிராஸ் ஆகிவிடும். வொய்யின் தலையில் எதுவும் வராது. கடுவனுக்கு ஒரே எக்ஸ், அதுவும் தாயிடமிருந்து வருவது. ஆகவே ஆண்குட்டி கறுப்பா செவலையா என்று கேட்டால் தகப்பனைப் பார்க்கவே வேண்டாம். பெட்டைக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் பெரிய ஓ, மற்றதில் சின்ன ஓ இருந்தால் கறுப்பும் செவலையும் கலந்த உடம்பு.

செவலைக் கடுவனையும் கறுப்புப் பெட்டையையும் சேர்த்தால் தாளில் இப்படி இறங்க வேண்டும் (எழுதுவது ஆங்கிலத்தில்தான், வரிசை மட்டும் பாருங்கள். பி1 பெற்றோர், எஃப்1 குட்டிகள்; ஃபீனோடைப் வெளித்தோற்றம், ஜீனோடைப் அல்லீல் சேர்க்கை; மியோசிஸ் என்பது கேமீட்டை, அதாவது இனச்செல்லை, உண்டாக்கும் செல்பிரிவு; ஃபெர்டிலைசேஷன் கருவுறுதல்):

பி1 ஃபீனோடைப்: செவலைக் கடுவன், கறுப்புப் பெட்டை
பி1 ஜீனோடைப்: கடுவன் எக்ஸ் பெரிய ஓ, வொய்; பெட்டை எக்ஸ் சின்ன ஓ, எக்ஸ் சின்ன ஓ
மியோசிஸ்
கேமீட்: கடுவனிடம் இரண்டு வகை, பெட்டையிடம் ஒரே வகை
ஃபெர்டிலைசேஷன்
எஃப்1 ஜீனோடைப், பிறகு ஃபீனோடைப்: பெண்குட்டி எல்லாம் கலப்பு நிறம், ஆண்குட்டி எல்லாம் கறுப்பு

பி1, எஃப்1 என்று ஓரத்தில் எழுதுவதற்கும், மியோசிஸ், ஃபெர்டிலைசேஷன் என்ற சொற்களுக்கும் மெமோவில் (விடைத்தாள் திருத்தும் குறிப்பில்) தனி மதிப்பெண் உண்டு. கட்டம் சரியாகப் போட்டுவிட்டு இந்தச் சொற்களை விட்டுவருவது அநியாயம். பழைய தாள்களின் மெமோவை எடுத்து, டிக் விழும் இடங்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள். நோட்ஸைப் பத்து முறை படிப்பதைவிட அது மேல்.

இனி வெள்ளை. ஜீனின் பெயர் கிட். எப்போதோ ஒரு வைரஸிலிருந்து வந்த டிஎன்ஏ துண்டு அதற்குள் செருகிக்கொண்டு நிற்பதுதான் வெள்ளைத் திட்டுக்குக் காரணம். கருவில் நிறமிச் செல்கள் முதுகெலும்பு ஓரத்தில் தோன்றி, பக்கவாட்டாக வயிற்றுக்கும் பாதத்துக்கும் பரவ வேண்டும். செல்கள் போதவில்லை என்றால் தூரத்து இடங்கள் காலியாக நிற்கும். காலுறை போட்டதுபோல நான்கு பாதமும், மார்பும், வயிறும் வெளுத்து, முதுகு மட்டும் கறுத்திருக்கிற பூனையைப் பார்த்தால் இந்தப் பயணம் அப்படியே கண்ணில் தெரியும். இந்த வெள்ளை அல்லீலின் ஒரு பிரதி இருந்தால் பொதுவாகக் கொஞ்சம் வெள்ளை, இரண்டு இருந்தால் நிறைய. ஆனால் ஒரே ஜீனோடைப் உள்ள இரண்டு குட்டிக்குக்கூட வெள்ளை ஒரே அளவில் இருக்காது.

பெருக்கல் இப்படி. தாய் கலப்பு நிறம், வெள்ளைக்கு ஒரு பிரதி. தகப்பன் திட்டே இல்லாத கறுப்பு. பெண்ணாகவும் கலப்பாகவும் பிறக்க 1/4. வெள்ளை வர 1/2. மூவண்ணக் குட்டிக்கு வாய்ப்பு 1/8. எட்டுக் குட்டி போட்டால் கட்டாயம் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியே 1/8. வீட்டுப் பூனையை வைத்துச் சரிபார்க்கிறவர்களுக்கு ஒன்று: ஒரே ஈத்தில் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் இருக்கலாம். கணக்கு இடித்தால் விதி தப்பு என்று நினைக்க வேண்டாம்.

கலப்பு நிறம் திட்டுத்திட்டாக வருவது ஏன்? பெட்டையின் ஒவ்வொரு செல்லிலும் ஏதாவது ஒரு எக்ஸ் அடங்கிவிடுகிறது. இதை 1961இல் மேரி லயன் முன்வைத்தார். எந்த எக்ஸ் என்பது கருவிலேயே தற்செயலாக முடிவாகி, அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் அதையே தொடரும். வெள்ளை இல்லாத பூனையில் கறுப்பும் செவலையும் நூல் நூலாகப் பின்னிக் கிடக்கும். வெள்ளை அதிகமானால் திட்டுகள் பெரிதாகித் தெளிவாகப் பிரியும். 2001 டிசம்பரில் டெக்சாஸில் ஒரு மூவண்ணப் பூனையைக் குளோன் செய்தபோது பிறந்த குட்டியிடம் செவலையே இல்லை. டிஎன்ஏ அதேதான், எக்ஸ் அடங்கிய விதம்தான் வேறு. குளோனிங் கேள்விக்கும் இந்த உதாரணம் உதவும். பாடத்தாளில் கலப்பு நிறத்தைக் கோடாமினன்ஸ் (இரண்டு அல்லீலும் சேர்ந்து வெளிப்படுவது) என்று கொடுத்திருந்தால் வாதாடாமல் அப்படியே எழுதுங்கள்.

சறுக்கும் இடங்கள்:
பூனைக்கு 38 குரோமோசோம். கேமீட்டில் 19. கைப்பழக்கத்தில் 23 என்று எழுதிவிடுவோம்.
ஆட்டோசோம் 36, கோனோசோம் (பாலினக் குரோமோசோம்) 2.
முழு வெள்ளைப் பூனை தனிக் கதை: அதே கிட் ஜீனின் வேறொரு ஓங்கு அல்லீல், ஒரு பிரதி இருந்தாலே எல்லா நிறத்தையும் மூடிவிடும். அடியில் என்ன இருக்கிறது என்பது குட்டிகளில்தான் தெரியும்.
சாம்பல் குட்டி இரண்டு கறுப்புப் பெற்றோருக்கும் பிறக்கலாம். வெளிர்க்கும் அல்லீல் ஒடுங்கு வகை.

மூவண்ணக் கடுவன் பற்றிக் கேட்டால் ஓடி ஒளிய வேண்டாம். பெரும்பாலும் மியோசிஸில் பாலினக் குரோமோசோம்கள் பிரியாமல் போய், குட்டிக்கு இரண்டு எக்ஸும் ஒரு வொய்யும் கிடைத்திருக்கும். மொத்தம் 39. இப்படிப் பிரியாமல் போவதைக் குறிக்கும் நான்டிஸ்ஜங்ஷன் என்ற சொல்லை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.