ஒகே, னக்கல்!

ஒகேனக்கல் போய் வந்து இரண்டு நாள் ஆகிறது. போனில் அருவிப் படம் 6, போர்டு படம் 41. வழி, செலவுக் கணக்கு எல்லாம் வரிசையாக எழுதித் தருகிறேன் என்று ஆபீஸில் வாக்குக் கொடுத்திருந்தேன். அது கிடக்கட்டும், முதலில் போர்டுகள்.

பெங்களூரிலிருந்து நானும் நண்பனும் ஒரே பைக்கில் கிளம்பினோம். ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு, தர்மபுரி, பென்னாகரம் என்று வழி. ஓசூர் வரை சொல்ல ஒன்றுமில்லை, ஒரே லாரிப் புகை. ராயக்கோட்டை தாண்டியதும் மாம்பழக் கடைகள். ஒரு கடையில் ‘கல் வைக்காத பழம்’. பக்கத்துக் கடையில் ‘சத்தியமாகக் கல் வைக்காத பழம்’. மூன்றாவது கடையில் போர்டே இல்லை. அங்கேதான் வாங்கினோம், நன்றாக இருந்தது.

பாலக்கோட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடை. ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று எல்லா ஊரிலும் எழுதுவார்கள். இவர் எழுதியிருந்தது: ‘கடன் கேட்பவர்கள் பெங்களூர் போய் வந்து கேட்கவும்’. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலைக்குப் போயிருப்பதால் இந்த வரிக்கு அர்த்தமே வேறு. ஃப்ளெக்ஸில் இதெல்லாம் வராது. ஃப்ளெக்ஸ் என்றால் பிறந்தநாள் வாழ்த்தும் கும்பிடு போடும் தலைகளும்தான். தகரத்தில் பெயின்ட்டால் எழுதுகிறவனுக்குத்தான் குசும்பு இருக்கிறது.

தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டி ஒரு சுவரில் ஊர்ப் பெயர் எழுத இடம் போதவில்லை போல. மேலே ‘ஒகே’, கீழே ‘னக்கல்’. கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றால் புகை, கல் நம்ம கல்தான். தண்ணீர் விழுந்து புகை மாதிரி கிளம்புவதால் வந்த பெயர். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் நண்பன், “ஓகே மச்சி, நக்கல்!” என்று கத்திவிட்டான். வீடு வரும் வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம் காட்டுக்குள் ‘யானைகள் நடமாடும் பகுதி, மெதுவாகச் செல்லவும்’. “யாருக்குடா சொல்றாங்க, யானைக்கா?” என்றான்.

பரிசல் துறையில்தான் சிரிப்பு நின்றது. அங்கே ஒரு போர்டு: ‘கீழ்க்கண்ட கட்டணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்’. கீழே பார்த்தால் பெயின்ட் உரிந்து வெறும் தகரம். பரிசல்காரர் 2,000 கேட்டார். போர்டைக் காட்டினேன். “அது பழைய போர்டுண்ணா” என்றார். எது பழசு, தொகையே இல்லையே? அரை மணி நேரம் பேசி 1,700. ஔவைக்குப் பரிசில் கொடுக்க அதியமான் கொஞ்சம் தாமதித்ததற்கே அவருக்குக் கோபம் வந்ததாம். அதே அதியமான் நாட்டில் நான் பரிசலுக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன். ஆனால் பாறைகளுக்கு நடுவே அந்தப் பச்சைத் தண்ணீரில் பரிசலை ஒரு சுற்றுச் சுற்றினார் பாருங்கள், கோபத்தில் பாதி போய்விட்டது.

மீதி பாதி மீனில் போனது. ‘மீன் வருவல் செய்து தரப்படும்’. வறுவல் இல்லை, வருவல். வரும் என்று உட்கார்ந்தோம், முக்கால் மணி நேரம் வரவில்லை. வந்த கட்லாவை அந்த அக்கா மசாலா தடவி, விறகடுப்பில் மொறுமொறுவென்று போட்டிருந்தார். எழுத்துப் பிழை சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு தட்டு வாங்கினோம், பெட்ரோலுக்கு வைத்திருந்த பணத்தில்.

திரும்பும்போது அதே டீக்கடை. குடித்து முடித்த பிறகுதான் பர்ஸைப் பார்த்தோம், 20 ரூபாய். போனில் சிக்னல் இல்லை. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் போர்டைப் பார்த்தார்.

“அண்ணா, நாங்க பெங்களூர்லேர்ந்துதான் வர்றோம்” என்றான் நண்பன்.

“அப்ப காசு இருக்கும். பேக்ல நல்லா தேடுங்க” என்றார்.