வாத்தியார் வாசிச்ச வெத்துப் பக்கம்

ஊதுபத்திக் கணக்குன்னா என்னன்னு தெரியாத யாரும் இந்தச் சங்க மலர கையில எடுக்கப்போறதில்ல, அதனால பர்மாவுல நமக்குத் தமிழ் சொல்லிக்குடுத்த நம்ம வாத்தியார் யாருன்னு அறிமுகமெல்லாம் வேண்டாம். அவர் தவறிட்டார்னு யாங்கோன்ல இருந்து வைபர்ல சேதி வந்த மறுநாளே செயலாளர் அண்ணன் போன் போட்டு, "தம்பி, நீதான் எழுதணும், உன்னையத்தான அவரு நல்லா வச்சு செஞ்சாரு"ன்னாரு. வாஸ்தவம்தான்.

நான் அப்ப எட்டாங்கிளாஸ். வாரநாள்ல பர்மியப் பள்ளிக்கூடம், சனி ஞாயிறு கோயில் கொட்டகையில தமிழ். நம்ம ஊர்ல தமிழ்ல அச்சடிச்ச பேப்பர நாம யாரும் பாத்ததில்ல. அப்பா காலத்துல ரங்கூன்ல (இப்ப யாங்கோன்) தமிழ்ப் பத்திரிகை ஓடுச்சாம், 1962-ல ராணுவத் தளபதி நெ வின் ஆட்சிய பிடிச்சப்புறம் அதெல்லாம் நின்னுபோச்சு, 1964-ல கடைகண்ணிய அரசாங்கம் எடுத்துக்கிட்டதும் எத்தனையோ குடும்பம் கப்பலேறி மெட்ராஸ் போயிருச்சு, மிச்சமிருந்த நமக்கு கிடைச்சது கையெழுத்துப் பத்திரிகைதான். அத நான் நடத்துறேன்னு வாய்விட்டேன். சாதாரணமா இல்ல, 64 பக்கம், தொடர்கதை, சிறுவர் பகுதி, நடுப்பக்கத்துல ஷ்வேடகோன் பகோடா படம், கேள்வி பதில், இன்னும் என்னென்னவோ. மழைக்காலம் பூரா அட்டைப்படம்தான் வரைஞ்சேன். ஆசிரியர்னு என் பேர மட்டும் பல தினுசுல எழுதிப் பாத்தேன். உள்ள எழுத உக்காந்தா எதுல ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது, கதை எழுதினா கேள்வி பதில் ஞாபகம் வரும், அத எடுத்தா படம் வரையலயேன்னு இருக்கும், கடைசியில நோட்ட மூடி வச்சுட்டு பந்து விளையாடப் போயிருவேன்.

சரஸ்வதி பூஜை வந்துச்சு. அம்மா அப்பா, ஆச்சிமாரு எல்லாம் உக்காந்திருக்காங்க. வாத்தியார் என் பத்திரிகைய சாமி முன்னாடி இருந்து எடுத்தாரு, கண்ணாடிய மாட்டினாரு, அட்டைய எல்லாருக்கும் காட்டினாரு, கைதட்டல். அப்புறம் மொத பக்கத்த திருப்புனாரு. வெத்துப் பக்கம். மனுஷன் மூடி வச்சிருக்கலாம்ல? மூடல. விரல எச்சில் தொட்டு அடுத்த பக்கம், அதுவும் வெத்து, "அடடா"ன்னு தலைய ஆட்டுறாரு, அடுத்தது, "இந்த எடம் பிரமாதம்"ங்குறாரு. மெதுவா, நெசமாவே வாசிக்கிற மாதிரி கண்ண இடம் வலமா ஓட்டிக்கிட்டு. ஆச்சிமாருக்கு மொதல்ல புரியல, புரிஞ்சதும் கொட்டகையே சிரிச்சுச்சு. எங்கப்பா மட்டும் சிரிக்கல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. 64 பக்கத்தையும் முடிச்சுட்டுத்தான் விட்டாரு. இன்னிக்கு ஒரு வாத்தியார் இப்படி செஞ்சா வீடியோ போட்டு வேலைய காலி பண்ணியிருப்பாங்க, அதுல தப்பும் இல்லன்னு நெனைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை ஊதுபத்தி. கொளுத்தி வாழைப்பழத்துல குத்தி வச்சுட்டு, "இது அணையிற வரைக்கும் எழுது, அணைஞ்சதும் நிறுத்திரு. அட்டை கடைசியில." 64 பக்கம் 8 பக்கமா சுருங்குச்சு. மொத வேலையா கோயில் வாசல்ல வடை சுடுற ஆச்சி எந்த ஊர்ல பொறந்தாங்கன்னு கேட்டு நாலு வரி எழுதச் சொன்னாரு, அவ்வளவுதான். பத்தி அணைஞ்சா பாதி வாக்கியத்துலயும் பென்சில பிடுங்கிருவாரு, கெஞ்சினாலும் தரமாட்டாரு, "மிச்சத்த நாளைக்கு எழுது, எங்க ஆரம்பிக்கிறதுன்னு யோசிக்க வேண்டாம்ல." அப்புறம் எல்லாருக்குமே அதான் சட்டமாச்சு. ஃபேனுக்கு நேரா பத்திய வச்சா சீக்கிரம் தீருதுன்னு கண்டுபிடிச்ச மகான்கள் யாருன்னு பேர் சொல்லல, ஒருத்தர் இப்ப சங்கப் பொருளாளர்.

என் பையன் பரீட்சைக்கு படிக்க போன்ல தக்காளி படம் போட்ட டைமர் ஆப் வச்சிருக்கான், 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ரெஸ்ட். ஃபிரான்செஸ்கோ சிரில்லோங்கற இத்தாலிக்காரர் 1980-கள் கடைசியில காலேஜ்ல படிக்கும்போது தக்காளி வடிவ கிச்சன் டைமர வச்சு கண்டுபிடிச்சதாம். கனடாவுல டிமோத்தி பிச்சில்னு ஒரு சைக்காலஜி ப்ரொஃபசர், நாம தள்ளிப்போடுறது சோம்பேறித்தனத்தால இல்ல, அந்த வேலைய நெனச்சாலே வர்ற கலக்கத்துல இருந்து தப்பிக்கத்தான்னு சொல்றாரு. எனக்கு அது ரெண்டாந்தடவ கேக்குற சங்கதி. ஒரு ஊதுபத்தி எரியிற அளவு வேலைக்கு எவனும் பயப்பட மாட்டான்னு வாத்தியார் வேற பாஷையில சொன்னாரு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா அவரோட தகரப்பெட்டிய யாரெல்லாம் பாத்திருக்கீங்க? பெகூ பக்கம் வயல்வேலை செஞ்ச நம்ம சனம் பாடின நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் நோட்டு நோட்டா எழுதி வச்சிருந்தாரு. தமிழ்நாட்டுக்கு அனுப்பி புஸ்தகமா போடணும்னு காசும் சேத்தாரு. "எல்லாப் பாட்டும் சேரட்டும், அப்புறம் போடலாம்"பாரு. சேந்தபாடு இல்ல. 1987 செப்டம்பர்ல ஒரே நாள்ல 25, 35, 75 கியாட் நோட்டெல்லாம் செல்லாதுன்னு அறிவிச்சாங்க, மாத்திக்கவும் வழியில்ல. அவர் சேத்ததுல முக்காவாசி 75 கியாட் நோட்டு. நம்ம எல்லாருக்கும் பத்தி கொளுத்தின மனுஷன் தனக்கு ஒண்ணு கொளுத்திக்கல, ஏன்னு கேக்குற தைரியம் அப்ப யாருக்கு இருந்துச்சு?

1988 போராட்டத்துக்கு அப்புறம் பல்கலைக்கழகத்த வருஷக்கணக்கா மூடி வச்சாங்க, நான் அப்படியே சிங்கப்பூர் வந்துட்டேன். வழியனுப்ப வந்தவரு பெட்டியப் பத்தி பேசவே இல்ல, "அங்க வெயில் எப்படி"ன்னுதான் கேட்டாரு. சம்பளம், வீடு, கல்யாணம், பர்மாக்காரங்க கூடுற பெனின்சுலா பிளாசாவுல ஞாயித்துக்கிழமை நம்மூரு மீன்குழம்பு நூடுல்ஸ் மொஹிங்கா, இப்படியே காலம் போச்சு. ஊருக்குப் போனப்பல்லாம் அவருக்கு சட்டைத்துணி வாங்கிட்டுப் போனேன், ஸ்கேனர் வாங்கிட்டுப் போகணும்னு தோணல. தோணியிருந்தா அவர் இருக்கும்போதே முடிஞ்சிருக்கும். நாம இங்க வந்து சம்பாதிச்சதுக்கு இந்த ஒரு வேலை பெரிய செலவே இல்ல.

இப்ப அவர் பொண்ணு நோட்ட பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வைபர்ல அனுப்புது. நானும் பொருளாளரும் டைப் அடிக்கிறோம், ரெண்டு பேருக்கும் கண்ணு சரியில்ல. ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்குறவங்க குரூப்புல கை தூக்குங்க, முழு நோட்டையும் எடுத்துக்குறேன்னு யாரும் வீரம் பேச வேண்டாம், அப்படிச் சொல்றவனுக்கு நான் தரமாட்டேன். ரெண்டாவது நோட்டுல கரையான் தின்ன எடத்துல ஒரு நடவுப் பாட்டு பாதியில நிக்குது, உங்க ஆத்தாவுக்கோ அப்பத்தாவுக்கோ தெரிஞ்சிருக்கும், இந்த வாரமே போன் போட்டு பாடச் சொல்லி ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க, குரல் நல்லா இல்லன்னு அவங்க சொன்னா விட்டுறாதீங்க.