கருங்கல் பூமியில் சுண்ணக்கல்: களநாட்குறிப்பு

2023 ஜூலை 4, மட்டக்களப்பு

இலங்கையில் சுண்ணக்கல் என்றதும் யாழ்ப்பாணமே நினைவுக்கு வரும், அது நியாயமும்கூட. குடாநாட்டிலிருந்து வடமேற்குக் கரையோரமாகப் புத்தளம் வரை கிடப்பது மயோசீன் காலத்துக் (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்) கடலில் படிந்த சுண்ணக்கல். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் கீரிமலைக் கேணியும் அந்தக் கல்லின் தயவால் உண்டானவை. மலைநாட்டில் வேறொரு வகை உண்டு: மாத்தளை, கண்டி, பதுளைப் பக்கங்களில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிப் பளிங்கான படிகச் சுண்ணக்கல். கலை வரலாற்றாசிரியராகவே நம்மவர் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, 1902இல் ஆராய்ந்து எழுதியது இந்தக் கல்லைப் பற்றித்தான்.

மட்டக்களப்பும் அம்பாறையின் பெரும்பகுதியும் விஜயன் தொகுதி எனப்படும் உருமாறிய பாறைகளின் மேல் அமைந்தவை. குடும்பிமலையில் ஏறி, சுண்ணக்கல்லை நுரைக்கச் செய்யும் நீர்த்த ஐதரோகுளோரிக்கமிலத்தை எத்தனை துளி விட்டாலும் அங்குள்ள பாறை நுரைக்காது. ஆகவே இங்கே சுண்ணக்கல் போன்ற காபனேற்றுப் பாறையைத் தேடுபவர் மலைக்கு முதுகைக் காட்டிக் கடலுக்குத்தான் போக வேண்டும்.

2023 ஜூலை 7, கல்குடா

கரையிலிருந்து சற்று உள்ளே, ஒரு வளவில் கிணறு தோண்டியபோது முருகைக்கற்கள் (பவளப்பாறைக் கற்கள்) வெளிவந்ததாகக் கேள்விப்பட்டுச் சென்றேன். வளவுக்காரர் அவற்றை வேலியோரம் குவித்திருந்தார். குவியலைப் பார்ப்பதில் பயன் குறைவு. எந்தக் கல் எந்த ஆழத்திலிருந்து, எந்தப் பக்கம் மேலாக வந்தது என்பதைக் குவியல் சொல்லாது. தண்ணீரை இறைத்தபின் உள்ளே இறங்கிச் சுவரைப் பார்த்தேன். மேலே மணல், அதன் கீழே சிப்பித் துண்டுகள் கலந்த பருமணல், அடியில் முருகைக்கல்.

கடலில் வளர்ந்த இடத்திலேயே இறந்து புதைந்த முருகை ஒன்று. அலை பெயர்த்துக் கொண்டுவந்து கரையில் எறிந்த முருகை இன்னொன்று. இரண்டுக்கும் வயது கணிக்கலாம். ஆனால் முன்னையதே அக்காலக் கடல் எங்கே நின்றது என்பதற்குச் சாட்சி சொல்லும். இந்தக் கரைக்கு 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் அண்மைக் காலத்தில் வந்தவை மட்டுமே. பல்லாயிரம் ஆண்டுகளில் இன்னும் எத்தனையோ வந்திருக்கும். எனவே “உள்நாட்டில் முருகைக்கல் உண்டு, ஆகையால் கடல் அதுவரை இருந்தது” என்று எழுதிவிடுவது அவசர முடிவு.

சுவரின் வடக்குப் பக்கத்தில் உருண்டையான முருகை ஒன்று, உயிர்கள் இருந்த நுண்குழிகள் மேல்நோக்கியிருக்க, அடிப்பகுதி மற்றொரு கல்லோடு ஒட்டியபடி நின்றது. அதன் இடுக்கில் இரு ஓடுகளும் பிரியாமல் மூடிய மட்டியொன்றும் இருந்தது. அலையில் உருண்டிருந்தால் அந்த ஓடுகள் சேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. தெற்குப் பக்கத்துத் துண்டுகளோ முனை மழுங்கித் தாறுமாறாகக் கிடந்தன. இரண்டிலும் மாதிரி எடுத்துத் தனித்தனியே பொதி செய்தேன்.

2023 ஜூலை 8

கச்சான் காற்று அனலாக வீசுகிறது. மாதிரிகளைக் கழுவி நிழலில் உலர்த்தியதைத் தவிர வேறு வேலை நடக்கவில்லை.

2023 ஜூலை 10, கல்குடா

முன்பு சுண்ணாம்பு சுட்ட முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். கல் வெந்ததை எவ்வாறு அறிவது என்று கேட்டதற்கு, “தூக்கிப் பார்த்தாத் தெரியும் தம்பி, பாரம் குறைஞ்சிடும், மறுகா தண்ணி தெளிச்சாப் பூத்திடும்” என்றார். இரசாயனவியல் சொல்வதும் அதுவே. ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் 100 கிராம் தூய கல்சியம் காபனேற்று 44 கிராம் காபனீரொட்சைட்டை இழந்து 56 கிராம் சுட்ட சுண்ணாம்பாகும். கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கான 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடைசெய்தது. அதற்கு முன் எத்தனை நூற்றாண்டு வளர்ச்சி சூளைகளில் சாந்தாகிப் போனதோ. சட்டம் தேவையானதே என்பது என் எண்ணம். ஆயினும் அந்தத் தொழிலாளருக்கு வேறு வழி காட்டப்பட்டதா என்று நான் கேட்டபோது அவர் சிரித்தாரே தவிர விடை சொல்லவில்லை.

2023 ஜூலை 15, ஆய்வுகூடம்

கதிரியக்கக் காபன், யுரேனியம்–தோரியம் முறைகளில் வயதுக் கணிப்புக்கு அனுப்பும் முன் கல்லின் கனிமத்தைச் சோதிப்பது கட்டாயம். முருகை தன் எலும்புக்கூட்டை அரகோனைட்டாகக் கட்டுகிறது. கல்சைட்டும் அதே கல்சியம் காபனேற்றுத்தான்; அணுக்களின் அடுக்கு மட்டும் வேறு. மழைநீரும் நன்னீரும் ஊறும்போது அரகோனைட்டு கரைந்து, அதனிலும் உறுதியான கல்சைட்டாக மீண்டும் படிகமாகிறது. அப்போது பழைய காபனோடு புதிய காபன் கலந்துவிடும். யுரேனியமும் உள்ளே வரலாம், வெளியே போகலாம். கடல்நீரில் கரையும் யுரேனியத்தை முருகை எடுத்துக்கொள்கிறது, கரையாத தோரியத்தை ஏறக்குறைய எடுப்பதில்லை; ஆகவே உள்ளேயுள்ள தோரியம் பின்னர் யுரேனியத்தின் சிதைவால் பிறந்தது என்பதே யுரேனியம்–தோரியம் முறையின் அடிப்படை. கல் திறந்த வீடாகிவிட்டால் அந்த அடிப்படை நில்லாது.

வெள்ளிச் சல்பேற்றும் மங்கனீசுச் சல்பேற்றும் சேர்ந்த பைகல் கரைசலில் வெட்டுமுகத்தை நனைத்தேன். அரகோனைட்டு கறுக்கும், கல்சைட்டு கறுக்காது. வடக்குச் சுவர்க் கல்லின் உட்பகுதி சீராகக் கறுத்தது. வெளி ஓரம் மட்டும் வெண்கோடாக நின்றது. தெற்குச் சுவர்த் துண்டுகளில் கறுப்பும் வெண்மையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தன. 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்த சீவலை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, அத்துண்டுகளின் குழிகளில் கல்சைட்டுப் படிகங்கள் நிறைந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது.

2023 ஜூலை 27

படிக அடுக்கைக் கொண்டு கனிமத்தை அடையாளம் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்புவளைவுப் பதிவுகள் வந்தன. செப்புக் கதிரில் அரகோனைட்டின் முதன்மை முகடு 26.2 பாகையிலும் கல்சைட்டினுடையது 29.4 பாகையிலும் வரும். வடக்குச் சுவர்க் கல்லின் உட்பகுதியில் இரண்டாவது முகடு கண்ணுக்குத் தெரியும்படி இல்லை. தெற்குத் துண்டுகளில் அதுவே உயர்ந்தது. நிறப்பூச்சும் கருவியும் ஒத்துப்போவதால் தயக்கமின்றி முடிவெடுக்கலாம்.

வடக்குக் கல்லின் ஓரத்தைச் சீவி நீக்கி, உட்பகுதியை மட்டும் கதிரியக்கக் காபன், யுரேனியம்–தோரியம் ஆகிய இரு முறைகளுக்கும் அனுப்புகிறேன். கடல் உயிர்களின் கதிரியக்கக் காபன் வயது, கடல்நீரில் தேங்கிய பழைய காபனால் சராசரியாக 400 ஆண்டுகள் வரை கூடுதலாகக் காட்டும். உள்ளூர்த் திருத்தம் செய்தே ஒப்பிட வேண்டும். தெற்குத் துண்டுகள் அனுப்பப்படமாட்டா. எண் ஒன்று கிடைக்கும்தான், ஆனால் அது எதன் வயது என்று எவராலும் சொல்ல முடியாது. இடைப்பட்ட நாட்களில் அந்த முருகையின் உச்சி இன்றைய சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று நில அளவையாளரைக் கொண்டு அளந்துவைக்க வேண்டும். கிணற்றுக்குக் கட்டு வைக்கும் முன்னரே அதைச் செய்ய வளவுக்காரர் சம்மதித்திருக்கிறார்.