ஏவுகணை நீர்மூழ்கியில் டால்ஃபின் பேட்ஜ் வாங்கிய அனுபவம்

நீர்மூழ்கிக் கப்பலில் வேலைக்குச் சேர்வது வேறு, அந்தக் கப்பலின் ஆளாக ஏற்கப்படுவது வேறு. அமெரிக்கக் கடற்படையின் ஒஹையோ வகை ஏவுகணை நீர்மூழ்கி ஒன்றில் நான் துணை இயந்திரப் பிரிவில் இருந்தேன். அணு உலைக்கும் ஏவுகணைகளுக்கும் தனித்தனி ஆட்கள் உண்டு. ஆக்சிஜன் தயாரிக்கும் இயந்திரம், உயர் அழுத்தக் காற்று, ஹைட்ராலிக், அவசரகால டீசல் எஞ்சின் ஆகியவை எங்கள் பொறுப்பு. ஆனால் டால்ஃபின் பேட்ஜ் (நீர்மூழ்கிப் பணிக்கு முழுத் தகுதி பெற்றவர் சீருடையில் குத்தும் சின்னம்) வேண்டுமென்றால் மொத்தக் கப்பலும் தெரிந்திருக்க வேண்டும். சமையல்காரருக்கும் இதே விதிதான். இந்தப் பணிக்குப் போகலாமா என்று யோசிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தகுதி. அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். நீர்மூழ்கிப் பணிக்கு நாமாக முன்வந்துதான் போக முடியும். அப்புறம் பின்னணி விசாரணை. வெளிநாட்டில் உறவினர் இருந்தால் படிவம் நீண்டுகொண்டே போகும், எதையும் விடாமல் எழுதுங்கள். அணு ஆயுதத்தோடு நேரடித் தொடர்புள்ளவர்களுக்கு நம்பகத்தன்மைத் திட்டம் என்று தனியாக ஒன்று உண்டு. உடல்நலம், மனநிலை, குடி, கடன் என எல்லாவற்றையும் தொடர்ந்து கவனிப்பார்கள். பல் மருத்துவர் கொடுத்த வலி மாத்திரையைக்கூட மறைக்கக் கூடாது.

அடிப்படைப் பள்ளி கனெக்டிகட் மாநிலத்தின் க்ராட்டனில் இருக்கிறது. வகுப்புப் பாடம் வேகமாக ஓடிவிடும். அங்கே என்னை மாற்றியது வெள்ளப் பயிற்சி அறை. நிஜ எஞ்சின் அறை போலவே குழாய்கள் ஓடும். திடீரென்று ஒவ்வொரு இணைப்பாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். மர ஆப்பும் இரும்புப் பட்டையும் வைத்து அடைக்க வேண்டும். இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அதனால் ஒருவர் கட்டளை கொடுத்தால், கேட்டவர் அதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் கப்பலை விட்டு வந்த பிறகும் என்னை விடவில்லை.

தப்பிக்கும் உடையையும் போட்டுப் பயிற்சி செய்தோம். 600 அடி ஆழம் வரைக்கும்தான் அது உதவும். எங்கள் ரோந்து நடப்பதோ அதைவிடப் பல மடங்கு ஆழமான பெருங்கடலில். ஆக, கப்பல் மூழ்காமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான உயிர்காப்பு. இதைப் புரியவைக்க த்ரெஷர் என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கியின் விபத்தைப் பாடமாக நடத்துவார்கள். 1963 ஏப்ரல் 10 அன்று ஆழ்சோதனையில் அந்தக் கப்பல் 129 பேரோடு போய்விட்டது. ஏதோ ஒரு குழாய் இணைப்பு உடைந்து, உலை நின்று, மேலே வருவதற்காக, தண்ணீரை வெளியே தள்ளத் தொட்டிகளுக்குள் காற்றைத் திறந்தபோது, காற்றிலிருந்த ஈரம் வடிகட்டிகளில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்துவிட்டது என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். அதன்பிறகுதான் சப்சேஃப் என்ற பாதுகாப்புத் திட்டம் வந்தது. உயர் அழுத்தக் காற்று என் பிரிவின் வேலை என்பதால், காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் கருவியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 129 பேர் ஞாபகம் வரும்.

இனி கப்பல். 170 மீட்டர் நீளம். கட்டும்போது 24 ஏவுகணைக் குழாய்கள். அணு ஆயுதங்களைக் கட்டுப்படுத்த அமெரிக்காவும் ரஷ்யாவும் செய்துகொண்ட புதிய ஸ்டார்ட் ஒப்பந்தத்துக்குப் பிறகு 20தான் பயன்பாட்டில் இருந்தன. ஒவ்வொரு கப்பலுக்கும் நீலக் குழு, தங்கக் குழு என்று இரண்டு குழுக்கள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 155 பேர். ஒரு குழு சராசரியாக 77 நாள் கடலில் இருக்கும். திரும்பியதும் ஒரு மாதம்போல் பழுதுபார்ப்பு, பிறகு மற்றக் குழு கிளம்பும். கரையில் இருக்கும் குழுவுக்கு சிமுலேட்டரில் பயிற்சி. அது விடுமுறை என்று வெளியில் நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் அதிகம் படித்த காலம்.

கப்பலில் ஏறியதும் கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். ஒவ்வோர் அமைப்புக்கும் அதில் ஒரு கையெழுத்துக் கட்டம். ஏற்கெனவே பேட்ஜ் வாங்கியவரிடம் போய் அந்த அமைப்பை விளக்க வேண்டும். ஒரு கேள்விக்குத் தடுமாறினால் "பார்த்துவிட்டு வா" என்று அனுப்பிவிடுவார். வால்வைத் தேடிப்போய், கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும். பின்தங்கினால் பெயர் பட்டியலில் ஏறும். சினிமா கிடையாது, ஓய்வு நேரமும் படிப்புக்குத்தான். நான் சொல்வேன்: சுலபமாகக் கையெழுத்துப் போடுபவரைத் தேடாதீர்கள். கடைசியில் வாய்மொழித் தேர்வில் எதிரே உட்காரப்போவது கறாரானவர்தான்.

எனக்குச் சிரமமாக இருந்தது முகமூடிப் பயிற்சி. தீ என்று அறிவித்ததும் எல்லோரும் காற்றுக் குழாய் பொருத்திய முகமூடியை மாட்டி, குழாயைக் காற்று இணைப்பில் செருகுவோம். நகர வேண்டுமென்றால் மூச்சை அடக்கி, பிடுங்கி, அடுத்த இணைப்புக்குப் போய்ச் செருக வேண்டும். புகையில் எதுவும் தெரியாது என்பதால் கண்ணைக் கட்டிக்கொண்டும் செய்ய வைப்பார்கள். வேலை முடிந்து படுக்கப் போகும் வழியில் தினமும் கண்ணை மூடிக்கொண்டு இணைப்புகளைத் தடவிப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டேன்.

படுக்கை ஏவுகணைக் குழாய்களுக்கு நடுவில், ஓர் அறைக்கு ஒன்பது பேர். முன்பு ஆறு மணி நேரக் காவல் (முறை வைத்துக் கருவிகளைக் கண்காணிக்கும் பணி), 18 மணி நேரத்தில் ஒரு நாள் என்று இருந்ததாம். எங்கள் காலத்தில் எட்டு மணி நேரக் காவல், 24 மணி நேர நாள். தூக்கம் கிடைத்தது. கரியமில வாயுவை உறிஞ்சும் அமீன் திரவத்தின் வாடை மட்டும் துணிகளில் ஏறி, கரைக்கு வந்த பிறகும் போகாது.

ஏவுகணைப் பயிற்சிகளும் அடிக்கடி நடக்கும். வரும் செய்தி உண்மையானதா என்று அதிகாரிகள் இருவராகச் சரிபார்ப்பார்கள். எந்தக் கட்டத்திலும் தனி ஒருவரால் எதையும் செய்துவிட முடியாது. அந்த ஏற்பாட்டை உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில், அதன்மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

கடைசியில் வாய்மொழித் தேர்வு. மூன்று பேர் எதிரே, வெள்ளைப் பலகை, மார்க்கர். "அணு உலையில் தொடங்கி உன் படுக்கை விளக்கு வரை ஆற்றல் வரும் வழியை வரை" என்றார்கள். உலை, நீராவி, டர்பைன், மின்னாக்கி, ஸ்விட்ச்போர்டு என்று வரைந்து முடித்ததும், நடுவில் ஒன்றை அழித்துவிட்டு "இது போய்விட்டது, இப்போது என்ன செய்வாய்?" என்றார்கள். இப்படியே மணிக்கணக்காகப் போனது. சில நாள் கழித்து, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேப்டன் வெள்ளி நிற பேட்ஜைக் குத்திவிட்டார். அதிகாரிகளுக்கு அது தங்க நிறம். முதல்முறையாக என்னை அழைத்துத் தனியாகக் காவல் பணியில் விட்டபோது வந்த பெருமையை மறைக்க விரும்பவில்லை.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. ரோந்தில் கப்பல் செய்திகளை வாங்கும், ஆனால் இருப்பிடம் வெளிப்படாமல் இருக்க எதையும் அனுப்பாது. வீட்டில் மரணம் நேர்ந்தால் கடலிலேயே சொல்லவா, திரும்பிய பிறகு சொல்லவா என்று எங்களிடம் முன்கூட்டியே கேட்டார்கள். திரும்பிய பிறகு என்று எழுதிக் கொடுத்தேன். எழுதும் முன் அம்மாவிடமும் அண்ணனிடமும் பேசினேன். வங்கிக் கணக்கு, வாடகை எல்லாவற்றுக்கும் அண்ணன் பெயரில் அதிகாரப் பத்திரம் எழுதி வைத்தேன். நீங்களும் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாமல் இதை முடித்துவிடுங்கள், அந்த வாரம் முழுக்கச் சரக்கு ஏற்றும் வேலையிலேயே போய்விடும்.