அலகு பெருத்தா பாட்டு மந்தம்

பசிபிக் கடல்ல இருக்கிற கலாபகஸ் தீவுக்கூட்டத்துல டாஃப்னே மேஜர்னு ஒரு குட்டித் தீவு. 1977-ல மழை பொய்ச்சுப்போச்சு. சின்ன விதைகள் தீர்ந்து, மிச்சம் நெருஞ்சி முள்ளுதான். (நம்ம ஊர் நெருஞ்சிக்குப் பங்காளி!) அதை உடைக்கத் தடிச்ச அலகு வேணும். சின்ன அலகு ஃபிஞ்ச் குருவிகள் கொத்துக்கொத்தாச் செத்துச்சு. பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட்னு உயிரியல் ஆய்வாளர் தம்பதி, குருவிகளுக்குக் கால்ல வளையம் மாட்டி, அலகை அளந்து வச்சிருந்ததால இதெல்லாம் கணக்கோட தெரிஞ்சுது.

எனக்குப் பிடிச்ச சமாச்சாரமே இனிமேதான். பாடும்போது சுரம் மாறமாற அலகைத் திறந்து மூடணும். பெரிய அலகுக்குப் பலம் உண்டு, வேகம் கிடையாது. 2001-ல ஜெஃப்ரி போடோஸ்ங்கிற ஆய்வாளர் காட்டினது இதுதான்: அலகு பெருசாக ஆக, பாட்டு மெதுவாகுது, சுர வீச்சும் (கீழ்ச் சுரத்துக்கும் மேல் சுரத்துக்கும் உள்ள இடைவெளி) சுருங்குது. பெட்டையோ பாட்டையும் கேட்டுத்தான் ஜோடி பார்க்குது. விதை உடைக்கிற மூக்கு கல்யாணப் பேச்சுலயும் நுழையுது பாருங்க!