ஆறு வாரம்: பாலக்காட்டு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 30, 2024

ஃப்ளோரிடாவிலிருந்து சித்தி மகள் காலையிலேயே போன் செய்தாள். அங்கே மே 1 முதல் ஆறு வாரத்துக்கு மேல் கருவைக் கலைக்க முடியாது, விதிவிலக்குகள் சொற்பம். அதை மாற்ற நவம்பரில் ஓட்டெடுப்பு, நான்காம் திருத்தம் என்று பெயர். டிரம்புக்கும் ஓட்டு அங்கேதான். ஆறு வாரம் போதாது, கூடுதல் வாரம் வேண்டும் என்றுதான் ஓட்டுப் போடுவேன் என நேற்றுப் பேட்டியில் சொன்னாராம். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆகஸ்ட் 31

டிரம்ப் பல்டி அடித்துவிட்டார். ஆறு வாரம் குறைவுதான், ஆனாலும் திருத்தத்துக்கு எதிராகத்தான் ஓட்டு என்கிறார். இடையில் ஒரே நாள். கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் கொதித்தார்கள், பேச்சு மாறியது.

1999இல் பெண்ணின் விருப்பத்துக்கே ஆதரவு என்று சொன்னவர் இவர். 2016 பிரச்சாரத்தில் கலைக்கும் பெண்ணுக்கு ஏதாவது தண்டனை வேண்டும் என்றார், அன்றைக்கே பின்வாங்கினார். அவர் உச்ச நீதிமன்றத்தில் நியமித்த மூன்று நீதிபதிகளும் சேர்ந்துதான், நாடு முழுக்கக் கருக்கலைப்பு உரிமை தந்த ரோ தீர்ப்பு 2022இல் ரத்தானது. பைடனும் கருக்கலைப்புக்கு மத்திய அரசுப் பணம் கூடாது என்ற ஹைட் விதியைப் பல்லாண்டு ஆதரித்துவிட்டு, 2019இல் வேட்பாளரான பிறகு கைவிட்டார். அவர் வந்து சேர்ந்த இடம் எனக்குப் பிடித்ததுதான். ஆனால் தேர்தல் வராமல் இருந்திருந்தால் வந்திருப்பாரா?

செப்டம்பர் 3

வாரத்தைக் கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். நாள் தள்ளிப்போகும்போதே நாலு வாரம் முடிந்திருக்கும், மிச்சம் இரண்டே வாரம். இதை மேடையில் பேசுகிறவர்கள் ஒரு நாளாவது எங்கள் ஓ.பி.யில் உட்கார வேண்டும்.

இன்று வாளையார் பக்கமிருந்து ஓர் அக்கா, சூளை வேலை. "வெயில்ல நின்னதுல தள்ளிப்போச்சுன்னு நினைச்சேன் சிஸ்டர்." காலண்டரில் விரல் வைத்து எண்ணினோம், ஒன்பது வாரம். ஃப்ளோரிடா என்றால் கதவு சாத்தியாச்சு. இங்கே 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புதல் போதும். ஆனால் இவரை ஒரு தனியார் ஆஸ்பத்திரி, வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று அனுப்பியிருக்கிறது. நம் 1971 கருக்கலைப்புச் சட்டம் அதைக் கேட்கவே இல்லை. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். அவர் அலைந்த நாட்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

நவம்பர் 5

கல்பாத்தித் தேருக்காக நம் இடைத்தேர்தலை 20ஆம் தேதிக்குத் தள்ளிவிட்டார்கள். போன மாதம்வரை காங்கிரஸில் இருந்த சரின் இப்போது இடதுசாரி வேட்பாளர். ஊரெல்லாம் அதே பேச்சு. கையெழுத்து விஷயம் நான் கேட்ட ஒரு பிரச்சாரத்திலும் வரவில்லை. திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை உரிமை உண்டு என்று 2022இல் நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே, அதையும் யாரும் பேசவில்லை. அங்கே பேசிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள், இங்கே வாயே திறப்பதில்லை. எனக்கு இரண்டுமே கோபம்தான்.

நவம்பர் 7

திருத்தத்துக்கு 57 சதவீதம் ஆதரவு. 60 வேண்டுமாம், தோற்றுவிட்டது. சித்தி மகள் அழுதாள். அவள் பெண் அங்கேதான் காலேஜில் படிக்கிறாள்.

சாயந்திரம் ஓட்டுக் கேட்டு நாலு பேர் வந்தார்கள். ஆஸ்பத்திரிகள் புருஷன் கையெழுத்துக் கேட்பதை உங்கள் வேட்பாளர் நிறுத்துவாரா என்று கேட்டேன். மூன்று பையன்கள் தரையைப் பார்த்தார்கள். கூட வந்த பெண் மட்டும், "கேட்டுச் சொல்றேங்க்கா" என்றாள். நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன்.