கோத்தகிரியிலிருந்து கடல் கடந்த நாடகம்

கோத்தகிரியில் இயங்கும் எங்கள் நாடகக் குழுவில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். ஒரு நாடகம் உருவாக மூன்று மாத ஒத்திகை தேவை. நூறு ரூபாய் நுழைவுச்சீட்டில் இரண்டு நாள் நடத்தினால் வருவது அரங்க வாடகைக்கும் விளக்குகளுக்குமே சரியாகிவிடும். மூன்றாம் நாள் பார்க்க ஊரில் ஆளில்லை. கையால் கொழுந்து பறித்த தேயிலைத் தோட்டங்களில் இயந்திரம் வந்த பிறகு ஒருவரே பல மடங்கு பறிக்கிறார். பன்னிரண்டு பேர் நடிக்கும் நாடகத்துக்கோ எந்தக் காலத்திலும் பன்னிரண்டு பேர் வேண்டும்; மற்ற வேலைகளில் கூலி ஏற ஏற அவர்களுக்கும் ஏற்றிக் கொடுக்க வேண்டும். நிகழ்த்துகலையில் செலவு ஏறிக்கொண்டே போக வரவு பின்தங்குவதற்கு இதுவே காரணம் என்று பாமோல், போவென் என்ற பொருளியலாளர்கள் 1966-இலேயே விளக்கியிருக்கிறார்கள்.

முதலில் மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் குரு-சிஷ்ய பரம்பரை மானியத்துக்கு விண்ணப்பித்தோம். குழுவில் கற்றுத்தரும் குருவுக்கு மாதம் 15,000 ரூபாயும் அவரிடம் பயிலும் வயது வந்த சிஷ்யருக்கு 10,000 ரூபாயும் வழங்கும் திட்டம் அது. சங்கப் பதிவும் தணிக்கை செய்த கணக்குகளும் வேண்டும். எங்கள் செலவெல்லாம் ஒரு நீல நோட்டில் இருந்தது. வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் ரசீது இல்லை. அதைச் சீராக்கவே ஓராண்டு ஆயிற்று. புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் முதல் நாளிலிருந்தே வவுச்சர் எழுதிவைக்க வேண்டும். மானியம் வந்த பிறகுதான் எங்கள் நடிகர்கள் ஒத்திகை நாள்களில் தோட்ட வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்தது; அப்படி முழுமை பெற்ற நாடகத்தின் ஒளிப்பதிவைப் பார்த்துத்தான் ஜெர்மனியில் ஒரு விழாவுக்கு அழைத்தார்கள்.

மேடைப் பொருள்களை வரியின்றிக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர, ஃபிக்கி என்ற இந்திய வணிக, தொழில் கூட்டமைப்பு வழங்கும் ஏடிஏ கார்னெட் என்ற ஆவணத்தை எடுத்தோம். பொருள்களின் எண்ணிக்கை, எடை, மதிப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். பனியில் தொய்ந்திருந்த பறைகளை அனலில் காய்ச்சி இறுக்கிய கையோடு, ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எழுதினோம். விசாவுக்குக் கைரேகை பதிக்கப் பன்னிரண்டு பேரும் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போனோம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் ஒவ்வொருவருக்கும் எடுக்க வேண்டியிருந்தது.

அங்கே நடத்திய ஆறு காட்சிகளுக்குக் கிடைத்த சம்பளம், இங்கே இரண்டாண்டு நுழைவுச்சீட்டு வரவைவிட அதிகம். அந்தப் பணத்தில்தான் இப்போது அடுத்த நாடகத்துக்கான உடைகளைத் தைக்கிறோம். கோத்தகிரியைச் சுற்றியுள்ள தோட்டக் குடியிருப்புகளில் நுழைவுச்சீட்டு இல்லாமலே நாடகம் நடத்துகிறோம்.